நூற்றிருபதாவது தாள்

முனைவர் பட்டம் படிக்கிறவர்களிடம் ஊர் உலகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: "முடிச்சாச்சா?" கல்யாண வீட்டில் கேட்பார்கள். துக்க வீட்டில், பிணம் எடுக்கக் காத்திருக்கும் நேரத்தில், பக்கத்து நாற்காலிக்காரர் மெல்லச் சாய்ந்து கேட்பார். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போது கேட்பார்கள். என்னிடம் எட்டு வருடம் கேட்டார்கள். கேட்டவர்களில் மூன்று பேர் காலமாகியும் விட்டார்கள், நான் முடித்த பாடில்லை.

ஐயா, பல்கலைக்கழக விசாரணைக் குழுவின் தலைவர் என்ற முறையில் என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். மணிமேகலை கொடுத்த மனுவின் நகலையும் கூடவே அனுப்பியிருக்கிறீர்கள். இடது கையால் எழுதியிருக்கிறாள். எழுத்துகள் பெரிது பெரிதாக, வரிக்கு வரி ஏறி இறங்கினாலும் படிக்க முடிகிறது. அவள் கெட்டிக்காரி என்று எனக்கு முன்பே தெரியும்.

மனுவில் அவள் கேட்பது ஒன்றுதான். விபத்துக்கு முன்னால் என் ஆய்வுக்காகத் தன் வலது கையால் எழுதிக் கொடுத்த ஒரு தாள் அவளுக்கு வேண்டும். செல்போன் பார்த்துக்கொண்டே வேலை செய்ததால்தான் கை போனது என்று மில் அறிக்கை எழுதிவிட்டது. அப்படி இல்லை என்று காட்ட அவளிடம் வேறு ஆதாரம் கிடையாது. நியாயமான கோரிக்கைதான். நான் அவளைக் குறை சொல்லப் போவதில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு சுயநிதிக் கல்லூரியில் பதினான்கு வருடமாக உளவியல் பாடம் எடுக்கிறேன். பட்டம் இல்லாததால் ஒவ்வொரு ஜூன் மாதமும் என் வேலையைப் புதுப்பித்துத் தருவார்கள். என்னிடம் படித்த பெண் எனக்கே துறைத் தலைவராக வந்தாள். மரியாதையான பெண். "டெய்சி மேடம், உங்க சௌகரியப்படி செய்யுங்க" என்றுதான் எப்போதும் சொல்வாள். அந்த மரியாதையைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

எடுத்த பாடம் தொழிலக, நிறுவன உளவியல். என் மாமியார் கடைசி வரைக்கும் அதைப் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு என்றே நம்பிக்கொண்டிருந்தார். வேலை செய்கிற மனிதனின் களைப்பு, கவனம், சலிப்பு ஆகியவற்றை அளந்து பார்க்கிற படிப்பு அது. நூற்பாலையில் வேலை பார்க்கும் பெண்களின் சோர்வையும் கவனச் சிதறலையும் நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். வேடசந்தூர் ரோட்டில் ஒரு மில்லில் அனுமதி கிடைத்தது. அங்கே மனிதவள மேலாளராக இருந்த அந்தோணிராஜ் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர், அதனால் கிடைத்தது.

ஒரே பெண்களிடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் மூன்று சுற்று கேள்வித்தாள் கொடுக்க வேண்டும். நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, அரிதாக, சில சமயம், அடிக்கடி, எப்போதும். முன்னோட்டமாக முப்பது பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். முப்பது பேரும் நாற்பது கேள்விக்கும் "சில சமயம்" என்று போட்டுத் திருப்பித் தந்தார்கள். தாள்களை அடுக்கி வைத்தால் ஒரே ஆள் எழுதியது போல இருந்தது. ஏன் இப்படி என்று சிவனம்மாளிடம் கேட்டேன். பதினெட்டு வருடமாக அந்த மில்லில் இருப்பவர்.

"நடுவுல போட்டா யாருக்கும் வம்பில்லை டீச்சர்" என்றார்.

உண்மையைச் சொன்னால் மேலே போய்விடும் என்ற பயம். ஒப்புதல் படிவத்தின் நான்காவது வரிதான் அந்தப் பயத்தைக் கிளப்பியது என்று எனக்குப் புரிந்தது. "உங்கள் பதில்களில் உடலுக்கோ உயிருக்கோ ஆபத்து தெரிந்தால், உங்கள் நலனுக்காக மில் மருத்துவருக்கு மட்டும் தெரிவிப்போம்" என்று அதில் இருந்தது. உங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அந்த வரி இருந்ததால்தான் ஆய்வை அனுமதித்தது. ஆங்கிலப் படிவத்தில் அதை அப்படியே விட்டுவிட்டேன். தமிழ்ப் படிவத்தில் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, "நீங்கள் சொல்வது எந்தச் சூழ்நிலையிலும் வெளியே போகாது" என்று எழுதினேன். படிக்க அதுவே நன்றாகவும் இருந்தது.

பெயரும் வேண்டாம் என்றேன். ஆனால் மூன்று சுற்றுத் தாள்களையும் பொருத்திப் பார்க்க ஓர் அடையாளம் வேண்டுமே. பாடப் புத்தகம் சொல்கிறபடி அம்மா பெயரின் முதல் எழுத்தையும் பிறந்த தேதியையும் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் மே மாதக் கடைசியிலும் ஜூன் முதல் வாரத்திலும் பிறந்திருந்தார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. புத்தகம் எழுதியவருக்கு எங்கள் ஊர் வாத்தியார்களைத் தெரியாது. கடைசியில் ஆளுக்கொரு பூவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஒரு பூவுக்கு ஒருத்திதான். அன்று மில் சாப்பாட்டு அறையில் நடந்த கூத்து இன்னும் நினைவிருக்கிறது. மல்லிகைக்கும் பிச்சிக்கும் அடிதடி. கனகாம்பரத்தை இரண்டு பேர் விட்டுக்கொடுக்க மறுத்து ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். பூ தீர்ந்துபோய்ச் சுரைக்காய், பீர்க்கங்காய் என்று காய்கறிக்கும் இறங்கினோம்.

மணிமேகலை எருக்கு என்று எழுதினாள்.

"ஏம்மா, நல்ல பூவே கிடைக்கலையா?" என்றேன்.

"இதுக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டாகல்ல அக்கா" என்று சிரித்தாள்.

மற்றவர்களுக்கு நான் டீச்சர். அவளுக்கு மட்டும் அக்கா. இருபத்தாறு வயது. குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம், மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறும் தரை என்கிற மானாவாரிப் பூமி. அப்பா இல்லை, அம்மா சுந்தரம்மாள் மட்டும். மில் விடுதியில் தங்கி ரிங் பிரேமில் நூல் அறுந்தால் இணைக்கிற வேலை பார்த்தாள். விடாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டிய வேலை. ஒரு ஷிப்டில் எத்தனை கிலோமீட்டர் நடக்கிறார்கள் என்று நானே அளந்து அட்டவணை போட்டிருக்கிறேன், ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

முதல் சுற்றில் இருநூற்றுப் பதினான்கு பேர். இரண்டாம் சுற்றுக்குள் அறுபத்து மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மில் வேலை அப்படித்தான், கல்யாணம் ஆனால் போவார்கள், காய்ச்சல் வந்தால் போவார்கள். என் நெறியாளர் தாடியைத் தடவிக்கொண்டே, "மூணாவது சுத்துல நூத்திருபதுக்குக் குறையாமப் பாத்துக்கங்கம்மா, இல்லாட்டி நிக்காது" என்றார். அவர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். என் பதிவுக் காலமும் அதோடு முடிகிறது. நீட்டிப்பு ஏற்கெனவே இரண்டு முறை வாங்கியாகிவிட்டது. எனக்கு வேறு நெறியாளரும் இல்லை, வேறு எட்டு வருடமும் இல்லை.

இரண்டாம் சுற்றில் உண்மை வந்தது. அவர்களோடு உட்கார்ந்து அதே தட்டில் அதே சோற்றை, அதே வெஞ்சனத்தைத் தின்றதற்குப் பலன் கிடைத்தது. இப்படி ஒரு தரவு கிடைப்பது அபூர்வம் என்று நெறியாளரே சொன்னார்.

எருக்கின் தாளில் பெரும்பாலும் "எப்போதும்" என்ற கட்டத்தில்தான் குறி இருந்தது. கடைசியில், வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் என்று நான் விட்டிருந்த இடத்தில் நான்கு வரி எழுதியிருந்தாள். எனக்கு மனப்பாடம். "ஓ.டி. பாக்குற நாள்ல நின்னுக்கிட்டே கண்ணு இருண்டுருது. ரெண்டு தடவ முழிச்சுப் பாத்தப்ப கை மிசின் பெல்ட்டுக்குப் பக்கத்துல இருந்துச்சு. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. அக்காகிட்ட சொல்றேன்."

அக்காவிடம் சொல்கிறேன் என்றுதான் எழுதியிருந்தாள். மில்லிடம் சொல்லுங்கள் என்று எழுதவில்லை. வெளியே போகாது என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆய்வாளர் வாக்கை மீறினால் அடுத்து வருகிற ஆய்வாளரை யார் நம்புவார்கள்? இந்தக் கேள்வியை முதலாண்டு மாணவர்களுக்கு நானே தேர்வில் கேட்டிருக்கிறேன். தாளை மற்ற தாள்களோடு வைத்தேன். அவளுடைய மதிப்பெண் கூட்டுத்தொகையைப் பதிவு செய்தேன். நூற்றெண்பத்தொன்று. ஒரு நாள் விளையாட்டாக அதே கேள்வித்தாளை எனக்கு நானே போட்டுப் பார்த்தேன். நூற்றெண்பத்தாறு வந்தது. கல்லூரி, வீடு, மில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி தாள் திருத்தும் வாழ்க்கை. என்னை யாரும் லேசான வேலைக்கு மாற்றிவிடவில்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை, ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன்.

ஜனவரியில், பொங்கல் முடிந்து, மணிமேகலை தன்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். அங்கே பகல் வேலை மட்டும், உட்கார்ந்து செய்யலாம். நல்ல முடிவு என்று நானும் சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்து பட்டியலை எடுத்து எண்ணினேன். மூன்றாம் சுற்றுக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. ரிங் பிரேமில் மீதி இருந்தவர்கள் நூற்றிருபது பேர். பேக்கிங்குக்குப் போகிறவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது, அது வேறு வகை வேலை. அவள் போனால் நூற்றுப் பத்தொன்பது. இரண்டு முறை எண்ணினேன், அதே எண்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தோணிராஜ் அவர் அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அவரை நீங்கள் தவறாக நினைக்க வேண்டாம், வெள்ளை மனசுக்காரர்.

"டீச்சர், இந்த மணிமேகலைப் பொண்ணு முடியலைங்குது. இதே மாதிரி இன்னும் அஞ்சாறு பேரு கேக்குறாங்க. பேக்கிங்ல ஒரு இடந்தான் இருக்கு. யாருக்கு ரொம்ப அவசரம்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அளந்து பாத்திருக்கீங்க. விவரம் ஒண்ணும் சொல்ல வேணாம். நெசமாவே முடியலையா, இல்ல சும்மா கேக்குதான்னு மட்டும் சொல்லுங்க, இன்னைக்கே மாத்திருறேன்."

வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்ல முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் சந்தேகப்பட்டு மாற்றியிருப்பார். ஆகவே, "எல்லாரையும் போலத்தான் இருக்கா, பயப்படும்படியா ஒண்ணும் இல்ல" என்றேன். பேக்கிங் இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. அந்தப் பெண் ரிங் பிரேமைச் சேர்ந்தவள் இல்லை என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆய்வு என்றால் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு சுந்தரம்மாள் மகளைக் கையோடு கூட்டிப்போக வந்துவிட்டார். மில் வாசலில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இம்புட்டா எளைச்சுப் போயிட்டா டீச்சர். கஞ்சியோ கூழோ ஊத்திக்கிறேன், புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

"மூணே வாரம் பொறுங்கம்மா. அதுக்குள்ள வேற இடம் காலியாகும். அவசரப்பட்டு விட்டா அப்புறம் உள்ள எடுக்க மாட்டாங்க" என்றேன். வேறு இடம் காலியாகப் போவதாக எனக்குத் தகவல் எதுவும் இல்லை. மூன்று வாரம் என்பது மட்டும் உண்மை.

மணிமேகலை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா சொன்னாச் சரியா இருக்கும்மா, நீ போ" என்றாள். சுந்தரம்மாள் கொண்டுவந்திருந்த கத்தரிக்காயில் பாதியை என் பையில் போட்டுவிட்டு பஸ் ஏறினார். என் மனது அன்று கொஞ்சம் சங்கடப்பட்டது. அதையும் மறைக்கவில்லை.

பதினொரு நாள் கழித்து, இரவு ஷிப்ட் முடித்தவளை, ஆள் வரவில்லை என்று பகலுக்கும் நிற்க வைத்திருக்கிறார்கள். காலை பத்தரை மணிக்குப் பெல்ட்டில் வலது கை போய்விட்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது நான் கல்லூரியில் வகுப்பில் இருந்தேன். அன்றைய பாடம் ஊக்குவிப்புக் கோட்பாடுகள். சேதி வந்ததும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். துறைத் தலைவர் தண்ணீர் கொடுத்தாள்.

அவள் பெயர் இன்னும் ரிங் பிரேம் பட்டியலில்தான் இருந்தது. விபத்து விடுப்பில் இருப்பவர்களை நீக்குவதில்லை. அந்தோணிராஜிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மூன்றாம் சுற்று நாளில் மில்லில் நூற்றுப் பத்தொன்பது தாள்களை வாங்கிக்கொண்டு, மாலையில் மதுரையில் அவள் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிப் போனேன். சுந்தரம்மாள் துணி துவைக்கப் போயிருந்தார். கேள்விகளை நானே வாசித்தேன், அவள் பதில் சொல்லச் சொல்ல நானே குறித்துக்கொண்டேன். "கைகளில் வலி இருக்கிறதா?" என்ற கேள்வி வந்தபோது, "எந்தக் கை அக்கா?" என்றாள். பொதுவாகச் சொல் என்றேன். "நடுவுல போட்டுக்கங்க" என்றாள். நாற்பது கேள்விக்கும் பதில் வாங்கினேன். அதுதான் நூற்றிருபதாவது தாள். புறப்படும்போது, "உங்க படிப்பு முடிஞ்சிருமா அக்கா?" என்று கேட்டாள். முடிந்துவிடும் என்றேன். "நல்லது" என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், அது முகத்தில் தெரிந்தது.

ஏப்ரலில் இருவரும் கல்லூரிக்கே வந்தார்கள். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், வேப்ப மரத்தடியில் என் வகுப்பு முடியும்வரை நின்றிருந்தார்கள்.

"செல்லு பாத்தான்னு எழுதிப்புட்டாக டீச்சர்" என்றார் சுந்தரம்மாள். "வேலைக்குப் போறப்ப செல்ல விடுதியிலயே வாங்கி வச்சுக்கிருவாக. எங்கிட்டுப் பாக்குறது? ஊரே இவ மேலதான் தப்புங்குது. இவ முன்னாடியே உங்ககிட்ட எழுதிக் குடுத்தாளாமே, அந்தத் தாளக் குடுங்க."

"நான் எழுதினதுதானே அக்கா. வேற யாருகிட்டயும் வேணாம், எனக்கே குடுங்க" என்றாள் மணிமேகலை.

அந்தத் தாள் வெளியே வந்தால் தேதியும் வெளியே வரும். விபத்துக்கு ஐந்து மாதம் முன்பே எனக்குத் தெரியும் என்பதும், ஒப்புதல் படிவத்தில் நான் எடுத்துவிட்ட வரியும் வரும். வாய்மொழித் தேர்வுக்கு முப்பது நாள்தான் இருந்தது. "அதுல உன் பேரு இல்லையேம்மா, எருக்குன்னுதானே இருக்கு. எருக்கு நீதான்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்றேன்.

சுந்தரம்மாள்தான், "அது அவ கையெழுத்து டீச்சர், பாத்தாத் தெரியாதா?" என்றார். ஒத்துப் பார்ப்பதற்கு அதே கையால் இன்னொரு முறை எழுதிக் காட்ட வேண்டும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் மனது புண்படும். மணிமேகலை புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். அம்மாவை முழங்கையால் மெல்ல இடித்து, "வா, போவோம்" என்றாள். போகும்போது அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

மே மாதம் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தரவின் உண்மைத்தன்மையைப் பாராட்டினார். பிறகு சாப்பாட்டின்போது, நூற்றிருபது பேரைத் தக்கவைக்கப் பட்ட பாட்டை நெறியாளரிடம் சொன்னேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "நூத்திப்பத்து இருந்தாலும் போதும்மா. ஒரு கணக்குக்குச் சொன்னேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூட அன்று உடம்பில் தெம்பு இல்லை. வீட்டுக்கு வந்து பதினான்கு மணி நேரம் தூங்கினேன். இப்போது யாரும் முடிச்சாச்சா என்று கேட்பதில்லை. ஆனாலும் களைப்பு போகவில்லை, அது ஏன் என்று படித்த படிப்பில் பதில் இல்லை.

ஆகவே ஐயா, மனுவில் சொல்லியிருப்பது எல்லாம் உண்மை. அவள் எழுதினாள், நான் படித்தேன், எனக்குத் தெரியும். கேட்டவரிடம் ஒன்றுமில்லை என்று சொன்னேன், கூட்டிப்போக வந்த தாயைத் திருப்பி அனுப்பினேன். அவள் கை போனதற்கு நான் காரணம் என்று நீங்கள் எழுதினால் மறுக்க மாட்டேன். இந்த மாதிரி நேரத்தில் ஒருவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குப் பாடமாகச் சொல்லித் தரவும் தெரியும்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் தாளை மட்டும் என்னால் அனுப்ப இயலாது. பங்கேற்பாளரின் ரகசியம் காக்க, ஆய்வு முடிந்ததும் தாள்களை அழித்துவிடுவதாக ஒப்புதல் படிவத்தில் உறுதி கொடுத்திருக்கிறேன். அந்த வரி தமிழ்ப் படிவத்திலும் இருக்கிறது. அதன்படி, வாய்மொழித் தேர்வு முடிந்து தூங்கி எழுந்த உடனே எருக்கின் தாளைக் கொளுத்திவிட்டேன். மற்றவர்களின் தாள்கள் மூன்று அட்டைப் பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, அவற்றை அழிக்க இன்னும் நேரம் வாய்க்கவில்லை.